வெரசு மந்திரி தூக்கிட்டுப் போன கல்லு

கடலு முடிஞ்சு தரை ஆரம்பிக்கிற எடத்துல, ஒரு காலத்துல, நண்டுப்பட்டின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல சொரிமுத்துன்னு ஒருத்தன் இருந்தானாம், அவனுக்கு உலகம்மான்னு ஒரு பொஞ்சாதி இருந்தாளாம். ஊரச் சுத்தி உப்பளம். முன்னால பாத்தா உப்பு, பின்னால பாத்தா உப்பு, மனசு ஒடஞ்சு அழுதா கன்னத்துல வழியிறதும் உப்பு. அந்த ஊர்க்காரங்க உப்பில்லாம சாப்பிட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, அது ஒண்ணுதான் அவங்களுக்குப் பெருமை.

சொரிமுத்துவுக்கு என்ன வேலைன்னா, ஓலைப்பெட்டி நெறைய உப்பை அள்ளி, தலையில துணியச் சுருட்டிச் சும்மாடா வச்சு, அது மேல பெட்டிய வச்சு, ராசா இருக்கிற கோட்டை வரைக்கும் நடந்து போயி, தெருத் தெருவா “உப்போ உப்பு”ன்னு கூவி வித்துட்டு வரணும். விடியக்காலம் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை.

இதுல ஒரு விசயம் கவனிச்சுக்கங்க, கதையே இதுலதான் இருக்கு. நெறஞ்ச உப்புப் பெட்டிய ஒரு ஆளு தனியா தலையில ஏத்த முடியாது. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் பிடிச்சுத் தூக்கி விடணும். அதனால வழியில கழுத்து வலிச்சுதுன்னு பெட்டியத் தரையில எறக்கிட்டா, எறக்குனதுதான். மறுபடி ஏத்தி விட யாராச்சும் வர்ற வரைக்கும் அதைப் பாத்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான். புரிஞ்சுதா? சரி.

உலகம்மாவுக்கு உப்பளத்துல வேலை. வெயில்ல வெள்ளை உப்பப் பாத்துப் பாத்து அவ கண்ணு எப்பவும் சுருங்கியே இருக்கும். ஆனா வாயி சுருங்காது. சொரிமுத்து சாயங்காலம் வந்து உக்காந்ததும் ஆரம்பிச்சிருவா.

“இந்தாய்யா, ஒரு நாளைக்கு எத்தன தடவ நீ ஓய்வு எடுக்கிற?”

“தூங்குறேனே புள்ள, அது போதாதா?”

“தூங்குறது ஒடம்பு. மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? தலைக்கு ஒரு ஓய்வு வேணும்ல. நாள் பூரா வெள்ளையப் பாத்த கண்ணுக்குப் பச்சையப் பாத்து ஒரு ஓய்வு வேணும்ல. நாள் பூரா கூவுன வாய்க்குச் சும்மா மூடிக்கிட்டு ஒரு ஓய்வு வேணும்ல.”

“சரி, மூடிக்கிறேன்.”

“இன்னொண்ணு இருக்கு.”

“அது என்ன?”

“மனசுக்கு. அதுக்கு ஒரு ஆளு பக்கத்துல சும்மா உக்காந்திருக்கணும். ஒண்ணும் செய்யக் கூடாது. ஒண்ணும் பேசக் கூடாது. நம்ம ஊருக்கும் கோட்டைக்கும் நடுவுல அல்லிப்பூ பூத்த ஊருணி இருக்குல்ல, அங்க பூவரச மரத்தடியில ஒரு மத்தியானம் எங்கூட வந்து உக்காருய்யா.”

அதுக்கு சொரிமுத்து சொல்லுவானாம், “உக்காருவோம் புள்ள. இன்னும் ஒரே ஒரு நடை போயிட்டு வந்துர்றேன்.”

மறுநாளும் கேட்டா. “இன்னும் ஒரே ஒரு நடை.”

அதுக்கு மறுநாளும் கேட்டா. “இன்னும் ஒரே ஒரு நடை.”

கெட்டவன் இல்ல. அவ மேல உசிராத்தான் இருந்தான். கூரைக்கு ஓலை மாத்தணும், பொறக்கப் போற புள்ளைக்குத் தொட்டில் கட்டணும், அதுக்குத்தான் நடந்தான். ஆமா, உலகம்மா அப்ப மாசமா இருந்தா. ஒம்பதாம் மாசம்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அவன் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறப்ப, வாசல்ல நின்னு, “இன்னைக்கு மட்டும் போகாதய்யா, ஊருணிக்குப் போவோம்”னா. அவன், “இன்னும் ஒரே ஒரு நடை”னான். அவ சிரிச்சா. போயிட்டான். கோட்டையில உப்ப வித்துட்டுத் திரும்பி வர்றான், வாசல்ல ஊரே நிக்குது. வலி வந்துச்சாம், புள்ளையும் வெளிய வரல, அவளும் நிக்கல. ரெண்டு உசிரும் ஒண்ணாப் போயிருச்சு.

ஏய், அழாத. கதை இன்னும் இருக்கு.

அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம். வயித்துச் சுமையோட ஒரு பொண்ணு போயிட்டா, அவளால எறக்கி வைக்க முடியாத சுமைக்குப் பதிலா, ஊரான் சுமைய எறக்கி வைக்கிறதுக்கு வழியில ஒரு சுமைதாங்கிக் கல்லு நட்டு வைப்பாங்க. ரெண்டு கல்லு நட்டுக்க, அது மேல ஒரு பலகைக்கல்லு படுக்க. தலை ஒசரத்துக்கு இருக்கும். சுமக்கிறவன் வந்து அப்படியே கல்லோட ஒட்டி நின்னு, பெட்டியக் கல்லு மேல தள்ளி விட்டுட்டு, கழுத்த நிமித்தலாம். கெளம்புறப்ப தலையக் கொடுத்தா பெட்டி அதுவா வந்து ஏறிக்கும். யாரும் தூக்கி விட வேண்டாம்.

சொரிமுத்து கல்ல எங்க நட்டான்? ஊருணிக்கரையில, பூவரச மரத்தடியில நட்டான். பக்கத்துல ஒரு பானை நெறையத் தண்ணி வச்சான். தெனம் காலையில அவனே ரொப்புவான். கல்லுக்கு எல்லாரும் உலகம்மா கல்லுன்னு பேரு வச்சாங்க.

அதுக்கப்புறம் அவன் எப்படி மாறுனான்னு கேட்டா, ஊரே சிரிக்கும். போற நடையிலயும் நிப்பான், வர்ற நடையிலயும் நிப்பான். பெட்டியக் கல்லுல எறக்குவான், தலைக்கு ஓய்வு. அல்லி இலையப் பாத்துக்கிட்டு நிப்பான், கண்ணுக்கு ஓய்வு. தண்ணி குடிச்சிட்டு வாய மூடிக்குவான், வாய்க்கு ஓய்வு. அப்புறம் நட்டுக்க நிக்கிற கல்லுல முதுகச் சாய்ச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம நிப்பான். பக்கத்துல இன்னொரு ஆளு நிக்கிற அளவுக்கு எடம் விட்டு நிப்பான். வர்றவன் போறவன் எல்லாம் அவனப் பாத்து அப்படியே நிக்கப் பழகிட்டாங்க. வெறகு தூக்குற பொம்பளைங்க, சட்டி பானை சுமக்கிறவங்க, வெத்தலைக்கூடைக்காரங்க, எல்லாருக்கும் அந்த வழியில அரை நாழிகை ஓய்வு வழக்கமாயிருச்சு. ஊர்ல கழுத்து வலி கொறஞ்சுது. புருசன் பொண்டாட்டி சண்டை கூடக் கொறஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டாங்க, அது எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில, கோட்டையில ராசா ஒரு புது மந்திரிய வச்சாரு. அவரு எதுக்கெடுத்தாலும் “வெரசா, வெரசா, வெரசா”ம்பாரு. சாப்பிட உக்காந்தா எலை போடுறதுக்கு முன்னாடி கையக் கழுவிட்டு எந்திரிச்சிருவாரு. கல்யாணத்துக்குப் போனா தாலி கட்டுறதுக்கு முன்னாடி, “நல்லா இருங்க”ன்னுட்டுப் போயிருவாரு. சனங்க அவருக்கு வெரசு மந்திரின்னு பேரு வச்சிட்டாங்க. அவரும் அதப் பட்டம்னு நெனச்சுக்கிட்டாரு.

வெரசு மந்திரி ஒரு நாள் குதிரையில அந்த வழியா வந்தாரு. ஏழெட்டுப் பேரு மரத்தடியில நின்னு ஊருணியப் பாத்துக்கிட்டிருக்காங்க.

“என்னடா பாக்கிறீங்க?”

“அல்லி இலைங்க.”

“அது என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலங்க, அதான் பாக்கிறோம்.”

மந்திரிக்கு வயிறு எரிஞ்சு போச்சு. “ஒண்ணும் செய்யாதத ஒண்ணும் செய்யாம நின்னு பாக்கிறானுங்க! இதாலதான் நாட்டுல உப்பு மெதுவா வருது”ன்னு, ஊருணிக்கும் வழிக்கும் நடுவுல பச்சை கண்ணுல படாதபடி ஓலைத்தட்டி கட்டச் சொல்லிட்டாரு. கட்டிட்டாங்க. சொரிமுத்து, “அய்யா, அது கண்ணோட ஓய்வுங்கய்யா”ன்னான். மந்திரி, “கண்ணு ராத்திரி மூடித்தானே கெடக்குது, அது போதும். வெரசா நட”ன்னாரு.

மறு வாரம் மறுபடி வந்தாரு. அஞ்சாறு பேரு தண்ணி குடிச்சிட்டு வாய மூடிக்கிட்டு நிக்கிறாங்க. “தண்ணி இருந்தா நிக்கத்தான் செய்வான்”ன்னு பானைய ஒடைக்கச் சொல்லிட்டாரு. ஒடைச்சிட்டாங்க. சொரிமுத்து, “அய்யா, அது வாயோட ஓய்வுங்கய்யா”ன்னான். மந்திரி, “வீட்டுல குடிச்சிட்டு வா. வெரசா நட”ன்னாரு.

மூணாவது வாரமும் வந்தாரு. தட்டி கட்டியாச்சு, பானை ஒடைச்சாச்சு, அப்பவும் நாலு பேரு நிக்கிறாங்க. எதால நிக்கிறாங்கன்னு பாத்தாரு. கல்லால நிக்கிறாங்க.

“எடுங்கடா இந்தக் கல்ல!”

சொரிமுத்து ஓடி வந்து கல்லக் கட்டிப் பிடிச்சிக்கிட்டான். “அய்யா, வேற எத வேணா எடுங்க. இது கல்லு இல்லங்கய்யா, என் பொஞ்சாதி.”

மந்திரி குதிரை மேல இருந்து குனிஞ்சு பாத்தாரு. “பொஞ்சாதியா? பொஞ்சாதின்னா வீட்டுல வச்சிக்க வேண்டியதுதானே, நடுவழியில எதுக்குடா வச்ச?”

கூட வந்த எட்டுக் காவக்காரனும் சிரிச்சானுங்க. சிரிக்கலன்னா வேலை போயிரும். அப்புறம் கல்லப் பேத்து வண்டியில போட்டு, மந்திரி வீட்டுக்குக் கொண்டு போயி, பலகைக்கல்லத் துணி தொவைக்கிறதுக்குக் கெணத்தடியில போட்டுட்டானுங்க. அதோட ஒரு உத்தரவும் முத்திரை குத்தி வந்துருச்சு. “நண்டுப்பட்டி வழியில சுமையோட நிக்கிறவனுக்கு மூணு சவுக்கடி. அடுத்தவன் சுமைய எறக்கி விட, ஏத்தி விட நிக்கிறவனுக்கும் மூணு சவுக்கடி.”

நம்ம சொரிமுத்து என்ன பண்ணுனான்? மறுநாள் பெட்டியோட வந்தான். கல்லு இருந்த எடத்துல ரெண்டு குழிதான் இருக்கு. அந்தக் குழி பக்கத்துல, சுமையத் தலையில வச்சுக்கிட்டே நின்னான். எறக்க எடமில்ல. பாக்கப் பச்சையில்ல. குடிக்கத் தண்ணியில்ல. சும்மா நின்னான், பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் விட்டு.

காவக்காரன் வந்தான். “அண்ணே, நிக்காதண்ணே. அடிக்கணும்ணே.”

“அடிச்சுக்க தம்பி.”

மூணு அடி. வாங்கிக்கிட்டுப் போனான். மறுநாளும் நின்னான், மூணு அடி. மூணாம் நாளு காவக்காரனுக்கே கை வரல. “ஏண்ணே, அங்கதான் ஒண்ணுமே இல்லையே, எதுக்குண்ணே வந்து வந்து நிக்கிற?”

“அவ கூப்புட்டப்பல்லாம் நான் நிக்கலடா. இப்ப நிக்கிறேன்.”

காவக்காரன் சவுக்கக் கீழ போட்டுட்டு அழுதான். அப்புறம் உத்தரவு ஞாபகம் வந்து, எடுத்து மெதுவா மூணு அடிச்சான்.

இது இங்க இப்படி நடக்க, அங்க கோட்டையில என்ன நடக்குது? உப்பு வேகமா வந்துச்சா? வரல! ஒருத்தன் பாதி வழியில கழுத்து சுளுக்கிப் பெட்டியக் கீழ போட்டுட்டான், ஏத்தி விட ஆளில்ல, விட்டுட்டுப் போயிட்டான். மாடு வந்து நக்கிருச்சு. இன்னொருத்தி கண்ணு கூசித் தடுக்கி விழுந்தா, உப்பு மண்ணோட போச்சு. இன்னொருத்தன் கோட்டை வரைக்கும் வந்துட்டான், ஆனா தொண்டை வறண்டு கூவ முடியல. அவன் உப்பு வச்சிருக்கான்னு யாருக்குமே தெரியல, அப்படியே திருப்பிக் கொண்டு போயிட்டான்.

மொத நாளு ராசா சாப்பிட உக்காந்தாரு. “கொழம்புல உப்பு கொறச்சலா இருக்கே?” “ஒடம்புக்கு நல்லதுங்க மகாராசா.” ரெண்டாம் நாளு, “ரசத்துல உப்பே இல்லையே?” “ரொம்ப நல்லதுங்க மகாராசா.” மூணாம் நாளு, ராசா ஊறுகாய எடுத்து நாக்குல வச்சாரு. ஊறுகாயிலயும் உப்பில்ல. ராசா எலையத் தள்ளிட்டு எந்திரிச்சாரு. “நான் எல்லாத்தையும் பொறுத்துக்குவேன். ஊறுகாய மட்டும் பொறுக்க மாட்டேன். கூப்புடு மந்திரிய!”

மந்திரி வெரசா வந்தாரு. “எல்லாம் அந்தச் சோம்பேறிங்க பண்ற வேலைங்க மகாராசா. அதுல ஒருத்தன் தெனம் அடி வாங்கிக்கிட்டு நிக்கிறான்.” “கொண்டா அவன”ன்னாரு ராசா. சொரிமுத்துவக் கொண்டாந்து நிறுத்துனாங்க.

“ஏம்ப்பா, கல்லும் இல்ல, தண்ணியும் இல்ல, அங்க எதுக்கு நிக்கிற?”

“அவ இருந்த எடங்க மகாராசா.”

“யாரு?”

சொரிமுத்து எல்லாத்தையும் சொன்னான். வாசல்ல நின்னு அவ சிரிச்சத சொன்னான், ஒரே ஒரு நடைய சொன்னான், கல்ல சொன்னான். ராசா கேட்டு முடிச்சாரு. அப்புறம், “உனக்கு என்னப்பா வேணும்?”னு கேட்டாரு.

“அந்தக் கல்லு வேணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

மந்திரி குறுக்க விழுந்தாரு. “மகாராசா, ஒரு பெட்டி உப்பு என்ன மலையா? கல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்னால நிக்காம ஒரே ஓட்டமா கொண்டு வர முடியும்!”

ராசா மந்திரியப் பாத்தாரு. ஊறுகாய் ஞாபகம் வந்துச்சு. “அப்படின்னா கொண்டு வாங்க. நாளைக்கே. நான் பல்லக்குல பின்னாடியே வந்து பாக்கிறேன். நிக்காம வந்துட்டீங்கன்னா கல்லு உங்களுக்கு. முடியலன்னா கல்லு அவனுக்கு. ஏம்ப்பா சொரிமுத்து, நீயும் கூட வா, வெறுந்தலையா வா.”

 உலகம்மா கல்லு யாருக்குங்கிறது இப்ப மந்திரி கழுத்துலதான் இருக்கு!

மறுநாள் காலையில உப்பளத்துல ரெண்டு பேரு சேந்து மந்திரி தலையில பெட்டியத் தூக்கி விட்டாங்க. மந்திரி விறுவிறுன்னு நடந்தாரு. கூப்புடு தூரம் ஓடிட்டாரு. பல்லக்குத் தூக்கிங்களுக்கே மூச்சு வாங்குச்சு. “பாத்தீங்களா மகாராசா!”ன்னு கத்துனாரு. சொரிமுத்து வெறுந்தலையோட பின்னாடி நடந்தான்.

கொஞ்ச தூரம் போச்சு. வெயில் ஏறுச்சு. உப்புப் பாத்தியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மந்திரி கண்ணுல ஊசி மாதிரி குத்துச்சு. எங்கயாச்சும் பச்சை இருக்கான்னு தேடுனாரு. ஊருணி வந்துச்சு, ஆனா ஓலைத்தட்டிதான் தெரியுது. அவர் கட்டுனதுதான்.

இன்னும் நாலு எட்டு. தொண்டை ஓலை மாதிரி காஞ்சு போச்சு. பூவரச மரத்தடியில பானை இருந்துச்சேன்னு பாத்தாரு. ஓடுதான் கெடக்குது. அவர் ஒடைச்சதுதான்.

இன்னும் ரெண்டு எட்டு. கழுத்து எறங்கிப் போயி நெஞ்சுக்குள்ள ஒக்காந்த மாதிரி ஆயிருச்சு. எறக்கி வைக்க கல்லு எங்கன்னு பாத்தாரு. ரெண்டு குழி. அவர் பேத்ததுதான்.

மந்திரிக்குக் கால் நின்னு போச்சு. தரையில எறக்கலாம்னா, பழகாத ஆளுக்கு எறக்கவும் ஆளு வேணும். தனியாக் குனிஞ்சா பெட்டி கவுந்து உப்பெல்லாம் போயிரும். ரெண்டு கையும் பெட்டியில. மூக்கு மேல ஒரு ஈ வந்து நிதானமா ஒக்காந்துச்சு. அதுக்கு உத்தரவு எதுவும் தெரியாது.

அந்த நேரம் பாத்து வெறகுக்கட்டோட ஒருத்தி வந்தா. “ஏம்மா, இத ஒரு கை பிடிச்சு எறக்கி விடும்மா!”

“ஆசைதான் சாமி. நின்னா மூணு அடியாமே”ன்னு சொல்லிக்கிட்டே போயிட்டா.

சட்டி பானையோட ஒருத்தன் வந்தான். “ஏப்பா, ஒரு கை பிடிப்பா!”

“பிடிப்பேங்கய்யா. முந்தாநேத்துப் பிடிச்சு முதுகு இன்னும் ஆறல”ன்னு போயிட்டான்.

வெத்தலைக்கூடையோட ஒருத்தி வந்தா. “அம்மா தாயே, ஒரு கை!”

அவ திரும்பியே பாக்கல. “வெரசா போகணும்ங்கய்யா, வெரசா, வெரசா”ன்னுட்டுப் போயிட்டா.

சரி, ராசா என்ன பண்றாரு? “பல்லக்க நிறுத்துங்கடா, என்னன்னு பாப்போம்”ங்கிறாரு. தூக்கிங்க நிறுத்தல. “நிக்கக் கூடாதுங்க மகாராசா, உத்தரவுங்க. பல்லக்கும் சுமைதானுங்களே.” நாலு பேரும் பூவரச மரத்தச் சுத்திச் சுத்தி நடக்கிறாங்க. ராசா ஒரு சுத்துக்கு மந்திரி மூஞ்சியப் பாக்கிறாரு, அடுத்த சுத்துக்கு முதுகப் பாக்கிறாரு. ராசாவுக்குத் தலை கிறுகிறுன்னு வருது.

காவக்காரனும் வந்துட்டான், சவுக்கோட. “அய்யா... நின்னா மூணுங்கய்யா. முத்திரை உங்களோடதுங்கய்யா.”

மந்திரி கண்ணுல தண்ணி கொட்டுது. வேர்வையும் உப்பும் அதுல சேந்து இன்னும் எரியுது. “அய்யோ, இத யாராச்சும் எறக்குங்களேன்”ன்னு சின்னப் புள்ள மாதிரி அழுதாரு.

சொரிமுத்து பாத்துக்கிட்டு நின்னான். அவனுக்கு என்ன தோணியிருக்கும்? அழட்டும்னு தோணியிருக்கும். சிரிக்கவும் தோணியிருக்கும். பேசாம இருந்தாலே கல்லு அவனுக்கு வந்துரும். ஆனா அந்த ரெண்டு குழியப் பாத்தான். அந்த எடத்துல சுமையோட வந்து நின்ன யாரையும் உலகம்மா சும்மா அனுப்புனதில்ல. நல்லவன் கெட்டவன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

நேரா போயி, அந்த ரெண்டு குழிக்குள்ள ரெண்டு காலையும் வச்சு, கல்லு மாதிரி நிமிந்து நின்னான். “வாங்கய்யா. பெட்டிய இப்படித் தள்ளுங்க, என் தலைக்கு.”

“நின்னா அடி விழுமேடா!”

“மூணு நாளா விழுகுதுங்க. இன்னைக்கும் விழட்டும்.”

மந்திரி ஒட்டி வந்து நின்னாரு. பெட்டி அவரு தலையில இருந்து இவன் தலைக்கு நகந்துச்சு. மந்திரி அப்படியே தரையில ஒக்காந்து, பூவரச மரத்துல சாஞ்சாரு. ஒண்ணும் செய்யல. ஒண்ணும் பேசல. அவரு பொறந்ததுல இருந்து அப்படி ஒக்காந்தது அதுதான் மொத தடவ.

காவக்காரன் சவுக்க வச்சுக்கிட்டு, சுத்தி வர்ற பல்லக்கப் பாத்துக் கேட்டான், “மகாராசா, இப்ப யார அடிக்கிறதுங்க?”

“உத்தரவக் கிழிச்சுப் போடுறா!”ன்னு கத்துனாரு ராசா. “மொதல்ல என்னய எறக்குங்கடா, வாந்தி வருது!”

எறக்குனாங்க. ராசா ஓலைத்தட்டியத் தன் கையால பிச்சு எறிஞ்சாரு. அல்லி இலையப் பாத்துக்கிட்டே நின்னாரு. தலைசுத்தல் நின்னுச்சு. “இது நல்லா இருக்கே, இத எதுக்கய்யா மூடுனீங்க?”ன்னாரு.

அன்னைக்கு சாயங்காலமே கல்லத் திருப்பிக் கொண்டு வரணும்னு உத்தரவு. வண்டி கெடையாது. மூணு கல்லையும் கயித்துல கட்டி இழுக்க, முன்னால மந்திரி, பின்னால எட்டுக் காவக்காரன். மந்திரி பொண்டாட்டி கெணத்தடியில நின்னு, “இத எடுத்துட்டா நான் எதுல தொவைக்கிறது?”ன்னு கேட்டா. மந்திரி மூச்சு வாங்கிக்கிட்டே இழுத்தாரு. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவ, “நின்னுட்டுப் போவமாடா?”ன்னு கேட்டாரு. பின்னால இருந்து எட்டுப் பேரும் சொன்னாங்க, “வெரசா அய்யா, வெரசா, வெரசா.”

கல்லு பழைய குழியிலயே நின்னுச்சு. அப்புறம் ராசா சொன்னாரு, “இனிமே இந்த நாட்டுல சுமக்கிறவனுக்கு வழியில தலை ஓய்வு உண்டு. உப்பளத்துக்காரங்களுக்கு மத்தியானம் பச்சை பாக்கிற ஓய்வு உண்டு. கூவி விக்கிறவங்களுக்கு வாய மூடுற ஓய்வு உண்டு. தெனமும் உண்டு, திருவிழாவுக்கு மட்டும் இல்ல. எனக்கும் மத்தியானம் அரை நாழிகை மந்திரிங்க யாரும் பேசக் கூடாது, என் காதுக்கு ஓய்வு வேணும்.”

வெரசு மந்திரிக்கு என்ன தண்டனை? ஒரு புதுப் பானை வாங்கி வச்சு, தெனம் அத ரொப்பணும். மரத்தடியில ஒக்காந்திருந்து, வர்ற ஒவ்வொருத்தரையும் பாத்து, “எறக்கி வைக்கிறீங்களா?”ன்னு கேக்கணும். மெதுவாக் கேக்கணும். அவசரமாக் கேட்டா கணக்குல வராது.

கொஞ்ச நாளு போச்சு. ஒரு நாள் மத்தியானம் சொரிமுத்து வந்தான். தலையில பெட்டி இல்ல, சும்மாடு கூட இல்ல. மந்திரி பழக்கத்துல கேட்டுட்டாரு, “எறக்கி வைக்கிறியாப்பா?” அப்புறந்தான் பாத்தாரு. “சுமை எங்கப்பா?”

“இன்னைக்கு மத்தியான நடை போகலங்கய்யா.”

“பின்ன எதுக்கு வந்த?”

சொரிமுத்து கல்லடியில போயி ஒக்காந்தான். நின்னு பழகுனவன், அன்னைக்குத்தான் ஒக்காந்தான். முதுகக் கல்லுல சாய்ச்சான். எப்பவும் போல பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் விட்டான். ஊருணியில அல்லி அசைஞ்சுது.

“உலகம்மா, வந்துட்டேன் புள்ள. இனி நடை இல்ல”ன்னான், அவளுக்கு மட்டும் கேக்கிற மாதிரி.

அவ பதில் பேசல. அவதான் அன்னைக்கே சொல்லிட்டாளே, மனசோட ஓய்வுல பேசக் கூடாதுன்னு. அவனும் பேசல. பூவரசம்பூ ஒண்ணு உதிந்து, அவன் விட்ட எடத்துல வந்து விழுந்துச்சு. வெரசு மந்திரி அதப் பாத்துட்டு, பானை மூடியச் சத்தமில்லாம மூடி வச்சாரு.

அவ்வளவுதான். யாராச்சும் உங்கள வந்து உக்காருன்னு கூப்புட்டா, இன்னும் ஒரு நடைன்னு சொல்லாதீங்க, போயி உக்காருங்க. அவன் சுமைய அவன் எறக்கிட்டான், மந்திரி சுமைய மந்திரி எறக்கிட்டாரு, என் கதைய நானும் எறக்கி வச்சுட்டேன். தேவைப்படுறவங்க தலையக் குடுத்து ஏத்திக்கிட்டுப் போங்க.